டோவர் ஆயரும் 26 ஊர்களும்

இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு துணை ஆயரை, அதாவது பிஷப்புக்குத் துணையாக இன்னொரு பிஷப்பை, நியமிக்க வேண்டுமென்றால், அந்தத் திருமண்டலத்தின் (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி) ஆயர் அரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவார். அதில் இரண்டு பேருடைய பெயர் இருக்கும். அரசர் பிரதமரின் ஆலோசனைப்படி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். வழக்கப்படி முதலில் எழுதியிருக்கும் பெயர்தான் தேறும். இரண்டாவது ஆள் பெட்டி கட்ட வேண்டியதில்லை. அப்படியென்றால் எதற்கு இரண்டு பெயர்? 1534-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் போட்ட சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது. கிட்டத்தட்ட 500 வருடங்களுக்குப் பிறகும் அந்தச் சட்டத்தின் மேல்தான் துணை ஆயர் பதவி உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சட்டம் இன்னொன்றும் செய்தது. துணை ஆயர்களுக்குப் பட்டமாகக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து 26 ஊர்ப்பெயர்களைப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டது. அதில் நான்காவது ஊர் டோவர். கென்ட் கடற்கரையில், கேன்டர்பரி பேராயரின் திருமண்டலத்துக்குள், வெள்ளைப் பாறைகளும் கோட்டையும் துறைமுகமும் உள்ள ஊர். ‘டோவர் ஆயர்’ என்ற பட்டம் எப்படிப் பிறந்தது, எப்படி 273 வருடம் தூங்கியது, இன்று ஏன் மற்றத் துணை ஆயர் பட்டங்களிலிருந்து தனியாக நிற்கிறது என்று பார்த்தால், இந்தப் பதவியின் மொத்தக் கதையும் வந்துவிடும்.

முதலில் சொற்களைத் தீர்த்துக்கொள்வோம், தமிழில் இது கொஞ்சம் சிக்கல். கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப்பையே பேராயர் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய எழுத்துகளில் ‘அத்தியட்சர்’ என்றிருக்கும். தமிழ் வேதாகமமோ ‘கண்காணி’ என்கிறது. நான் இங்கே பிஷப்பை ஆயர் என்றும், ஆர்ச்பிஷப்பைப் பேராயர் என்றும் எழுதுகிறேன்.

அடுத்து ‘சஃப்ரகன்’. ஆதரவு தருவது, ஆதரித்து வாக்களிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ஒரு பேராயரின் மாகாணத்துக்குள் (பல திருமண்டலங்கள் சேர்ந்தது) வரும் எல்லா ஆயர்களும் ஆதியில் அவருக்கு சஃப்ரகன்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் அதுதான் பொருள். செங்கல்பட்டு, வேலூர், கோவை, உதகை ஆகிய மறைமாவட்டங்கள் சென்னை-மயிலாப்பூர் உயர்மறைமாவட்டத்துக்கு சஃப்ரகன்கள். ஆனால் வேலூர் ஆயர் யாருக்கும் துணை ஆயர் அல்ல, தன் மறைமாவட்டத்துக்கு அவரே தலைவர். ஆங்கிலிக்கர்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழியினர், இதே சொல்லை வேறு பொருளில் புழங்குகிறார்கள். அங்கே சஃப்ரகன் என்பவர் ஒரு திருமண்டலத்துக்குள், அதன் ஆயருக்குக் கீழே, ஏதோ ஒரு ஊரின் பெயரைப் பட்டமாகச் சுமந்துகொண்டு வேலை பார்க்கும் இன்னொரு ஆயர். இந்தக் கட்டுரையில் துணை ஆயர் என்பது அவரைத்தான்.

துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால் ‘துணை ஆயர்’ என்றே சொல்லிவிட்டுப் போகலாமே, ஊர்ப்பெயர் எதற்கு? இதற்கு விடை வெகு பழையது. ஒரு நகரத்தில் இரண்டு ஆயர்கள் இருக்கக்கூடாது என்பது 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் நிலை. எந்தச் சபையோடும் சேராமல் பொத்தாம்பொதுவாக யாருக்கும் திருநிலை (குருவாகவோ ஆயராகவோ ஆக்கும் அருட்பொழிவு) கொடுக்கக்கூடாது என்று 451-இல் கல்கெதோன் சங்கம் சொன்னது. இரண்டையும் சேர்த்து வைத்தால் வருவது இதுதான்: ஆயர் என்றால் அவருக்கு ஊர் ஒன்று இருந்தாக வேண்டும், அந்த ஊரில் ஏற்கெனவே வேறு ஆயர் இருக்கக்கூடாது. ஊர் பேர் தெரியாத ஆயர் என்று ஒருவர் இருக்க முடியாது.

இடைக்காலத் திருச்சபை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு காலத்தில் ஆயர்கள் இருந்த கிழக்கத்திய நகரங்கள் பல இஸ்லாமிய ஆட்சிக்குள் போய்விட்டன. அங்கே போய் யாரும் பதவி ஏற்கப் போவதில்லை, பெயர் மட்டும் சும்மா கிடக்கிறது. அந்தப் பெயர்களை எடுத்து ஐரோப்பாவில் உள்ள துணை ஆயர்களுக்குப் போப்பாண்டவர் சூட்டினார். வேதாகமத்தில் ‘தீரு, சீதோன்’ என்று படிக்கிறோமே, அந்தச் சீதோனின் ஆயர் என்ற பட்டத்தோடு கேன்டர்பரியில் திருத்தொண்டர்களுக்கும் குருக்களுக்கும் திருநிலை கொடுத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். கார்ன்வாலில் பாட்மின் மடத்தின் தலைவர் தாமஸ் விவியன் கிரேக்க நாட்டு மெகாராவுக்கு ஆயர். 1533-இல் இறந்தார், கல்லறை பாட்மினில்தான் இருக்கிறது.

திருமண்டலத்தின் உண்மையான ஆயர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் அரசவையில். தூது போவது, கணக்குப் பார்ப்பது, அரசருக்கு ஆலோசனை சொல்வது என்று அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. ஊரில் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) கொடுக்கவும், கோயில்களையும் பீடங்களையும் பிரதிஷ்டை பண்ணவும் இந்தச் சீதோன்களும் மெகாராக்களும்தான் குதிரை ஏறிப் போனார்கள்.

1534-இல் ஹென்றி போப்பாண்டவரோடு உறவை முறித்துக்கொண்டார். பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த கை ரோமில் இருந்தது, அந்தக் கை இனி வராது. துணை ஆயர்கள் இல்லாமலும் காலம் ஓட்ட முடியாது. ஆக, கடல் கடந்த பெயர்களுக்குப் பதில் உள்ளூர்ப் பெயர்களைப் போட்டது நாடாளுமன்றம். தெட்ஃபர்டு, இப்ஸ்விச், கோல்செஸ்டர், டோவர், கில்ஃபர்டு, சவுத்தாம்ப்டன் என்று தொடங்கி வைட் தீவு வரை 26. பெட்ஃபர்டு, நாட்டிங்காம், ஹல், கேம்பிரிட்ஜ் எல்லாம் அதில் உண்டு.

சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் அதை எழுதியவர்களின் எச்சரிக்கை புரியும். ஆயர் இரண்டு பெயர் அனுப்புவார், அரசர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர்ப்பட்டம் கொடுப்பார். அந்த ஊர் ஆயரின் திருமண்டலத்துக்குள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அதே மாகாணத்துக்குள் இருந்தால் போதும். பட்டம் வாங்கியவர் அந்த ஊரிலிருந்து ஒரு காசு வருமானம் எடுக்கக்கூடாது. தன் ஆயர் எழுத்தில் ஒப்படைத்ததைத் தவிர வேறு எந்த அதிகாரத்தையும் கையில் எடுக்கக்கூடாது. சுருக்கமாக, பெயர் உண்டு, நிலம் இல்லை, வரவு இல்லை, சொந்த அதிகாரம் இல்லை. பிற்காலக் கூத்துகள் அத்தனைக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

டோவரின் முதல் மூன்று ஆயர்களுக்கும் பெயர் ரிச்சர்டு. முதலாமவர் ரிச்சர்டு இங்வொர்த், 1537 டிசம்பரில் ஆயரானார். தொமினிக்கன் சபைத் துறவியாக, கிங்ஸ் லாங்லி மடத்தின் தலைவராக இருந்தவர். அடுத்த வருடமே, ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல் கொடுத்த ஆணையை வைத்துக்கொண்டு, நாடெங்கும் உள்ள துறவியர் மடங்களை மூட இவர் புறப்பட்டார். துறவியாக வாழ்ந்தவரே துறவியர் கதவைச் சாத்தப் போன கதை. குரோம்வெல்லுக்கு அவர் எழுதிய கடிதங்களில் மடம் மடமாகக் கணக்கு வருகிறது: எங்கே என்ன மிச்சம், எவ்வளவு கடன், என்னென்ன பாத்திரம். டோவர் என்ற ஊருக்கும் அந்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் சுற்றியது கிளாஸ்டர், பிரிஸ்டல், ஷ்ரூஸ்பரி, வேல்ஸ்.

இரண்டாமவர் ரிச்சர்டு தார்ன்டன். கேன்டர்பரி மடத்துத் துறவியாக இருந்து, மடம் கலைந்ததும் பேராலயக் குருக்குழுவில் இடம் பிடித்தவர். 1545-இல் டோவர் ஆயர். ஹென்றியின் மகன் எட்வர்டு காலத்தில் புராட்டஸ்டண்டு வழியில் போனார். 1553-இல் கத்தோலிக்கரான மேரி அரியணை ஏறியதும் கேன்டர்பரி பேராலயத்தில் லத்தீன் திருப்பலி திரும்பி வந்தது. தனக்குத் தெரியாமல் ஒரு பொய்யான, முகத்துதி பாடும் துறவி செய்த வேலை அது என்று பேராயர் கிரான்மர் ஆத்திரத்தோடு அறிக்கை எழுதினார். அவர் சொன்னது தார்ன்டனைத்தான். கிரான்மர் சிறைக்குப் போனார், துணை ஆயர் நாற்காலியில் நிலைத்தார். கென்ட் பகுதியில் புராட்டஸ்டண்டுகளை விசாரித்துத் தீக்கு அனுப்பியவர்களில் இவரும் ஒருவர். கேன்டர்பரியில் எரிக்கப்பட்டவர்களுக்கான நினைவுத்தூணில் 41 பெயர்கள் இருக்கின்றன. ‘டோவர் டிக்’ என்று அக்காலப் புராட்டஸ்டண்டு எழுத்துகளில் இவருக்கு ஒரு ஏளனப் பெயர் உண்டு.

மூன்றாவது ரிச்சர்டு, ரோஜர்ஸ், 1569 முதல் 1597 வரை இருந்தார். பிற்பாதியில் கேன்டர்பரி பேராலயத்தின் டீனும் (தலைமைக் குரு) அவரே. அமைதியான மனிதர், கதை சொல்ல அதிகம் இல்லை. அவர் இறந்த பிறகு டோவருக்கு யாரையும் போடவில்லை. கோல்செஸ்டர் துணை ஆயர் ஜான் ஸ்டெர்னின் காலத்தோடு, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பட்டியல் முழுவதும் காலி. சட்டத்தை மேரி ரத்து செய்ய, எலிசபெத் 1559-இல் உயிர்ப்பித்திருந்தார், அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. புத்தகத்தில் இருந்தது, புழக்கத்தில் இல்லை. பெரிய திருமண்டலங்களுக்குத் துணை ஆயர்கள் தருவதாக 1660-இல் இரண்டாம் சார்லஸ் அறிவித்தார். அறிவிப்போடு சரி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. தொழில் நகரங்கள் வீங்கின, ரயில் வந்தது, ஆயர் ஊர் ஊராக வந்து திடப்படுத்தல் கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வளர்ந்தது. ஓய்வு பெற்றுத் திரும்பிய காலனி நாட்டு ஆயர்களை வைத்துச் சமாளித்தார்கள். கடைக்குத் திரும்பி வந்த காலிப் பாட்டில்கள் என்று அவர்களைக் கேலி செய்தது இங்கிலாந்து. அந்தச் சமயத்தில்தான் யாருக்கோ பழைய சட்டம் நினைவுக்கு வந்தது. ரத்தாகவில்லை, அப்படியே இருக்கிறது, புதிதாக நாடாளுமன்றம் போக வேண்டியதே இல்லை! லிங்கன் ஆயர் கேட்டார். 1870 பிப்ரவரி 2 அன்று ஹென்றி மெக்கன்சி நாட்டிங்காம் ஆயரானார்.

அடுத்தது டோவர். கேன்டர்பரி பேராயர் டெய்ட்டுக்கு 1869 நவம்பரில் கடுமையான பக்கவாதம் வந்தது. பதவியில் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பழைய உதவிக்குரு எட்வர்டு பாரியைத் துணைக்கு அழைத்தார். ஆர்க்டிக் கடலில் வடமேற்குப் பாதையைத் தேடிப் போன வில்லியம் எட்வர்டு பாரியின் மகன் இவர். 1870 மார்ச் 25 அன்று நான்காவது டோவர் ஆயராகத் திருநிலை பெற்றார். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் நடுவே 273 ஆண்டுகள். பிறகு சிட்னிக்கு ஆயராக வரச் சொல்லி ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தது, மறுத்துவிட்டார். 1890-இல் இறக்கும் வரை டோவர்தான்.

சட்டம் மீண்டும் நடந்தது, ஆனால் அதில் இருந்தவை 1534-இன் ஊர்கள். லண்டன் ஆயருக்குக் கிழக்கு லண்டன் குடிசைப் பகுதிகளைக் கவனிக்க ஒரு துணை ஆயர் தேவைப்பட்டார். பட்டியலில் லண்டன் பகுதியில் ஒரு ஊரும் இல்லை. ஆகவே 1879-இல் வால்ஷம் ஹவ் ‘பெட்ஃபர்டு ஆயர்’ ஆக்கப்பட்டார். பெட்ஃபர்டு லண்டனுக்கு வடக்கே, வேறொரு திருமண்டலத்தில், ஈலி ஆயரின் எல்லைக்குள் இருந்த ஊர். ஹவ் அங்கே வேலை பார்க்கவே இல்லை. கிழக்கு லண்டன் தெருக்களில் குதிரை பஸ்ஸில் ஏறி இறங்கி, ‘பஸ் பிஷப்’ என்றே பெயர் வாங்கினார். வடக்கே இன்னும் விசேஷம்: 1888-இல் ரிப்பன் ஆயருக்குத் துணையாக வந்தவர் ‘பென்ரித் ஆயர்’. பென்ரித் கார்லைல் திருமண்டலத்து ஊர். மறு வருடமே அவர் பட்டத்தை ரிச்மண்ட் என்று மாற்றிக்கொண்டார்.

அந்த மாற்றம் சாத்தியமானதற்குக் காரணம் 1888-இன் புதுச் சட்டம். பட்டியலில் இல்லாத ஊர்களையும் அரசாணை மூலம் சேர்க்கலாம் என்றது அது. அதற்குப் பிறகு ஸ்டெப்னி, இஸ்லிங்டன், கென்சிங்டன், குரோய்டன் என்று வரிசையாகக் கிளம்பின. குரோய்டன் பட்டம் 1904-இல் கேன்டர்பரி திருமண்டலத்துக்காகத் தொடங்கி, 1985-இல் எல்லை மாறியபோது ஊரோடு சேர்ந்து சதக் திருமண்டலத்தின் கைக்குப் போயிற்று.

இந்த இடத்தில் நம் ஊர்ப்பக்கம் ஒரு பார்வை. 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் ராபர்ட் கால்டுவெல்லும் எட்வர்டு சார்ஜென்டும் ஆயர்களாகத் திருநிலை பெற்றார்கள். இருவருக்கும் களம் திருநெல்வேலி, இருவரும் சென்னை ஆயர் ஃபிரெட்ரிக் கெல்லுக்குத் துணை. கால்டுவெல்லை ‘திருநெல்வேலிப் பேராயர்’ என்று நம் கட்டுரைகளில் சாதாரணமாக எழுதிவிடுகிறோம். சட்டப்படி அவருக்கு அப்படி ஒரு பட்டம் கிடையாது. ஹென்றியின் சட்டம் இங்கிலாந்துக்கு மட்டும், அதில் கால்டுவெல்லின் இடையன்குடியும் இல்லை, சார்ஜென்டின் பாளையங்கோட்டையும் இல்லை. சென்னைத் திருமண்டலமோ அரச ஆணையால் எல்லை வகுக்கப்பட்டது, அதைப் பிரிப்பது அவ்வளவு லேசில்லை. ஆகவே இருவரும் வெறும் உதவி ஆயர்கள். திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய முதல் ஆயர் சாமுவேல் மார்லி, 1896-இல் வந்தார். அதற்குள் சார்ஜென்டும் கால்டுவெல்லும் காலமாகிவிட்டார்கள். லண்டனில் இருந்தவருக்குப் பெட்ஃபர்டு பட்டம் இருந்தது, பெட்ஃபர்டில் வேலை இல்லை. இடையன்குடியில் இருந்தவருக்கு மலைபோல வேலை இருந்தது, பட்டம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் பட்டங்கள் பெருகின, பல பழைய பெயர்கள் தோண்டி எடுக்கப்பட்டன. எனக்கு மிகவும் பிடித்தது டன்விச். ஏழாம் நூற்றாண்டிலேயே அங்கே ஆயர் இருந்ததாக மரபு, பின்னால் பெரிய துறைமுகம். கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஊரைத் தின்று, கோயில்களையும் தெருக்களையும் விழுங்கிவிட்டது. மிஞ்சியது ஒரு சின்னக் கிராமம். அதன் பெயரில் 1934-இல் துணை ஆயர் பட்டம் உண்டாக்கினார்கள், இன்றும் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு ஆயர் நியமித்த மாதிரி.

பெயர் வேறு, வேலை வேறு என்ற பழைய ஏற்பாட்டை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டது 1990-கள்தான். பெண்களைக் குருக்களாக்க 1992-இல் திருச்சபை முடிவெடுத்தது. அதை ஏற்காத சபைகளைக் கவனிக்க, எல்லை தாண்டிப் பறந்துபோகும் ஆயர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கும் ஊர் வேண்டுமே! யார்க் மாகாணத்தில் பெவர்லி, கேன்டர்பரி மாகாணத்தில் எப்ஸ்ஃப்ளீட், ரிச்பரோ. 597-இல் அகஸ்டின் கரையிறங்கியதாகச் சொல்லப்படும் கென்ட் கடற்கரை இடம் எப்ஸ்ஃப்ளீட் (அதே பெயருள்ள ரயில் நிலையம் இருப்பது வேறிடத்தில்). ரிச்பரோ ஒரு ரோமானியக் கோட்டையின் இடிபாடு. இரண்டிலும் ஆயர் காலையில் எழுந்து போய்ப் பார்க்க ஒன்றுமில்லை, அது யாருக்கும் குறையாகவும் படவில்லை. 2011 தொடக்கத்தில் அந்த இரு பட்டங்களையும் வைத்திருந்தவர்கள் ரோமன் கத்தோலிக்கத்துக்கே போய்விட்டார்கள். பட்டங்களுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். 2022-இல் எப்ஸ்ஃப்ளீட் பட்டம் முற்றிலும் வேறு முகாமுக்கு, பழமைவாத நற்செய்திப் பிரிவினருக்கு, மாற்றிக் கொடுக்கப்பட்டது. வீடு அதே, குடித்தனக்காரர் வேறு. இஸ்லிங்டன் பட்டமும் அப்படித்தான். 1923-க்குப் பிறகு ஆளில்லாமல் கிடந்ததை 2015-இல் தூசி தட்டி, புதுச் சபைகள் தொடங்கும் வேலைக்கென்று ஒருவருக்குக் கொடுத்தார்கள்.

டோவர் போனது இதற்கு நேர் எதிர்த் திசையில். கேன்டர்பரி பேராயர் வசிப்பது லண்டனில் லாம்பெத் அரண்மனையில். உலக ஆங்கிலிக்க ஒன்றியத்தின் தலைமை, பிரபுக்கள் அவை, முடிசூட்டு விழா என்று அவர் தலைக்குமேல் வேலை. தன் சொந்தத் திருமண்டலத்துக்கு அவர் கிட்டத்தட்ட விருந்தாளி. பாரி காலத்தில் கைத்தாங்கலாகத் தொடங்கிய வேலை, ஒவ்வொரு டோவர் ஆயர் காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் கூடியது. 1980 வாக்கில் திருமண்டலத்தை நடத்தும் பொறுப்பு ஏறக்குறைய முழுவதும் அவர் கைக்கு வந்தது, ‘கேன்டர்பரியில் உள்ள ஆயர்’ என்றும் அவரைக் குறிப்பிடத் தொடங்கினார்கள். மற்றத் துணை ஆயர்கள், திருச்சபைக்குச் சட்டம் இயற்றும் பொதுப்பேரவையின் ஆயர்கள் அவைக்குத் தங்களுக்குள் தேர்தல் நடத்திச் சிலரைத்தான் அனுப்ப முடியும். டோவர் ஆயருக்குப் பதவிவழியாகவே அங்கே இடம் உண்டு. விதிப்புத்தகத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கும் துணை ஆயர் அவர். காகிதத்தில் மட்டும் இன்றும், 1534 சொன்னபடி, பேராயர் ஒப்படைத்ததைச் செய்பவர்.

2019 நவம்பரில் அந்தப் பட்டம் ரோஸ் ஹட்சன்-வில்கினிடம் வந்தது. ஜமைக்காவின் மாண்டிகோ பேயில் பிறந்தவர், இங்கிலாந்துத் திருச்சபையில் ஆயரான முதல் கறுப்பினப் பெண். பேராயர் ஜஸ்டின் வெல்பி 2025 ஜனவரியில் விலகியபோது அவருடைய வேலைகளைப் பங்கு போட்டார்கள். நாடு தழுவிய பொறுப்புகளில் பெரும்பகுதி யார்க் பேராயருக்குப் போனது, கேன்டர்பரி திருமண்டலம் டோவர் ஆயரிடம் வந்தது. அவருக்கு அது புது வேலை அல்ல. அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

அந்த வருடம் அக்டோபரில் புதுப் பேராயராக அறிவிக்கப்பட்டவர் சாரா முல்லல்லி. 2015-இல் ஆயரானபோது அவருக்குக் கிடைத்த முதல் பட்டம் ‘கிரெடிட்டன்’. எக்ஸிடர் ஆயரின் பீடம் 1050 வரை அந்தச் சிற்றூரில்தான் இருந்தது, 1897-இல் துணை ஆயர் பட்டமாகத் திரும்பி வந்தது. அந்தப் பட்டத்துக்கும் எக்ஸிடர் ஆயர் இரண்டு பெயர் எழுதித்தான் அனுப்பியிருக்க வேண்டும்.